வாழ்த்தும்போது புள்ளிக்கணக்கையும் கேளுங்கள்

பிரசவத்தின்போது கழுத்துப் பகுதி நரம்புகள் இழுபட்டு ஒரு கை தளர்ந்துபோகும் ‘எர்ப்ஸ் பால்சி’ குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்துவருகிறேன். அதனால் 2024 செப்டம்பரில் நடந்த பாரிஸ் பாராலிம்பிக் பாட்மிண்டன் ஆட்டங்களைச் சற்றே தொழில்கண்ணோடுதான் பார்த்தேன். கை பாதிப்பு உள்ளோருக்கான எஸ்யூ5 பிரிவு அரையிறுதியில் மோதிய இருவருமே தமிழ்நாட்டுப் பெண்கள். காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் 23-21, 21-17 என்று திருவள்ளூரின் மனிஷா ராமதாஸை வென்று, இறுதியில் சீன வீராங்கனையிடம் தோற்று வெள்ளி பெற்றார், மனிஷாவுக்கு வெண்கலம். உயரம் குறைந்தோருக்கான எஸ்ஹெச்6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வென்றார்.

மறுநாள் இவர்களைப் பாராட்டி எனக்கு வந்த வாழ்த்துச் செய்திகளில் உடல்குறை, கண்ணீர், தன்னம்பிக்கை எல்லாம் இருந்தன. அந்த 23-21 மட்டும் ஒன்றிலும் இல்லை. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று என்று சமநிலையில் நின்றபின் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைப் பதறாமல் எடுத்ததல்லவா சாதனை?

மனிஷாவுக்கு வலக்கையில் எர்ப்ஸ் பால்சி. ஆடுவது மற்றக் கையால்தானே, இதில் என்ன சிரமம் என்று பலர் கேட்கிறார்கள். தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கும்போது, மட்டை பிடிக்காத கைதான் முன்னே உயர்ந்து உடலைச் சமன்செய்து, இடுப்பும் தோளும் சுழல இடம் கொடுக்கிறது. அந்தக் கை உயராதபோது அதன் வேலையை முதுகுத் தசைகளும் கால்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கால் பாதிப்பு அதிகமுள்ள எஸ்எல்3 பிரிவில் ஒற்றையர் ஆட்டத்துக்குப் பாதி ஆடுகளம்தான். எஸ்யூ5 பிரிவினருக்கோ எந்தச் சலுகையும் இன்றி முழு ஆடுகளம். இதை அறிந்தவர் மனிஷாவின் ஆட்டத்தைப் பார்த்துப் பரிதாபப்பட மாட்டார், கை தட்டுவார்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசு அடையாள அட்டையில் உள்ள ஊனச் சதவீதமும் விளையாட்டுப் பிரிவும் ஒன்றல்ல. பிரிவைத் தீர்மானிப்பவர்கள் தசைவலு, மூட்டு அசைவு ஆகியவற்றைத் தாங்களே சோதிப்பார்கள். மருத்துவ ஆவணங்களையும் கேட்பார்கள். பிரசவ மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிட்டுப் பத்து வருடம் கழித்துத் தேடி அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தொடங்குவதற்கு அது நல்ல இடம்.

என்னிடம் வரும் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, பி.டி. வகுப்பில் மற்றவர்களின் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவலாக உட்கார வைக்கப்பட்டவள். அவள் பள்ளி ஆண்டு விழாவில், எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாமலே அவளுக்கு ‘சிறப்புப் பரிசு’ ஒன்று கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் கோப்பையை அவள் அம்மாதான் அலமாரியில் வைத்தார், அவள் தொடவில்லை.

இவ்வகைப் பாதிப்பில் தோளும் முழங்கையும் தளர்ந்தாலும் விரல்களின் பிடி பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே தளர்ந்த கையின் இரண்டு விரல்களால் ஷட்டிலை இறகு நுனியில் பிடித்து, இடுப்பளவில் நிறுத்தி, சர்வீஸ் போடப் பழக்கினோம். முதல் மாதம் பாதிக்குமேல் வலையில்தான் விழுந்தது. சென்ற வாரம் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே 21-9, 21-12 என்று தோற்றுவிட்டு வந்தாள். “கலந்துகிட்டதே பெரிய விஷயம்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குறுக்கிட்டாள்.

“பின்னாடி போட்ட பந்து எல்லாம் விட்டுட்டேன். காலுக்கு என்ன எக்ஸர்சைஸ் பண்ணணும்?”

அன்றைய அரை மணி நேரமும் பின்னோக்கி நகரும் காலடிகளுக்கே போயிற்று.