கொரிய உணவகம்: கிளம்புமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

இரவுச் சாப்பாட்டுக்குக் கொரிய உணவகம் போகலாம் என்று வீட்டில் முடிவானால், பெருநகரத்தில் இருப்பவர்கள் பத்து இடங்களை அலசிப் பார்க்கலாம். சின்னப் புறநகரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் பெரும்பாலானவர்கள் மதிப்பீட்டு நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், 4.5 இருந்தால் கிளம்பிவிடுகிறார்கள். மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு, அந்த நட்சத்திரம் சொல்லாத ஒன்றுதான் முக்கியம். அங்கே சமைப்பவருக்குத் தன் சூப்பிலும் சாஸிலும் என்னென்ன சேர்கிறது என்று முழுதாகத் தெரியுமா? கேட்டால் பொறுமையாகச் சொல்வாரா? நமக்கு ஒத்துக்கொள்ளாத உணவு என்று ஒன்று இருந்தால், உணவகத்தை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்களில் இறால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார். மெனுவில் இறால் என்று எழுதியிருந்த எதன் பக்கமும் அவர் போகவில்லை. காய்கறி பிபிம்பாப் (சோற்றின் மேல் காய்களை வைத்துக் கலந்து சாப்பிடுவது) மட்டும் சொன்னார். "இதில் இறால் இருக்கா?" என்று பரிமாறியவரிடம் கேட்கவும் செய்தார். "இல்லை" என்று பதில் வந்தது. சோறு வருவதற்குள், மேசையில் வைத்திருந்த சின்னக் கிண்ணங்களில் ஒன்றிலிருந்து கிம்ச்சி என்ற புளித்த காய்கறியை இரண்டு வாய் எடுத்துச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, தொண்டை இறுகியது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. பரிமாறியவர் பொய் சொல்லவில்லை. பிபிம்பாப்பில் இறால் இல்லைதான். கிம்ச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கிம்ச்சி என்றால் முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வழக்கமான கிம்ச்சியில் உப்பில் ஊறிப் புளித்த பொடி இறாலோ, நெத்திலியில் எடுத்த மீன் சாஸோ, சில வீடுகளில் இரண்டுமோ சேரும். அரைத்துக் கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. புளித்துவிட்டால் இறாலின் வீரியம் போய்விடும் என்று நம்பி உட்காரவும் கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அதில் மிச்சம் இருக்கலாம்.

சூப்பும் அப்படித்தான். தோயன்ஜாங் ஜிகே என்ற சோயாவிழுது சூப், சுன்துபு ஜிகே என்ற இளம் டோஃபு சூப், தொக்பொக்கி என்ற காரமான அரிசிக் கொழுக்கட்டை, இந்த மூன்றுக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது நெத்திலிக் கருவாடும் காய்ந்த கடற்பாசியும் கொதிக்கவைத்து எடுத்த சாறு. கருவாட்டை வடிகட்டி எடுத்துவிடுவதால், பரிமாறுகிறவருக்கு அது 'காய்கறி சூப்'பாகவே படும். சில சமையலறைகளில் மாட்டிறைச்சிச் சாற்றுத் தூளும் ஒரு கரண்டி விழும். சுன்துபுவில் மட்டி சேர்ப்பது சாதாரணம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி போடாதீர்கள்" என்று சொன்னால், மேலே தூவும் இறைச்சித் துண்டுகள்தான் நிற்கும். சாறு அப்படியே இருக்கும். மதக் காரணத்துக்காக மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த நேங்மியோன் நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது.

அந்த நூடுல்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேங்மியோன் பல இடங்களில் பக்வீட் என்ற தானியம் போன்ற விதையின் மாவில் செய்யப்படுகிறது. கோதுமைக்கும் பக்வீட்டுக்கும் உறவில்லை. ஆனால் பக்வீட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மிகக் கடுமையான எதிர்வினை வரலாம். கொரியாவிலும் ஜப்பானிலும் பொட்டலத்தின் மேல் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள்களில் பக்வீட் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களில் அது இல்லை. அமெரிக்காவின் 9 பொருள்களிலும் இல்லை. 2023 ஜனவரியில் ஒன்பதாவதாக அந்தப் பட்டியலில் ஏறியது எள். எனவே உணவகம் நீட்டும் ஒவ்வாமை அட்டவணையில் பக்வீட் என்ற கட்டமே இல்லாமல் போகலாம். அட்டவணையில் இல்லை என்பதால் சாப்பாட்டிலும் இல்லை என்று அர்த்தமில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

கோதுமை ஆகாதவர்கள் ஜாப்சேயை நம்பிச் சொல்கிறார்கள். அதன் கண்ணாடி நூடுல்ஸ் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது, அதுவரை சரி. ஆனால் அதைப் புரட்டும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது. கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுதிலும் கோதுமையோ பார்லியோ சேர்வது உண்டு. எள் ஆகாதவர்களுக்கு நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், கொரிய உணவகம் வேண்டாம். வறுத்த எள்ளின் எண்ணெய் அந்தச் சமையலறையில் கீரையில், இறைச்சி ஊறவைக்கும் சாஸில், தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் என்று எங்கும் இருக்கும். அதை ஒதுக்கிச் சமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த வாக்கை நான் நம்ப மாட்டேன்.

சின்னப் புறநகரில் ஒரே கடை கொரிய, ஜப்பானிய, சீன உணவு மூன்றையும் விற்பதைப் பார்க்கலாம். அங்கே பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி ஒன்றாகத்தான் இருக்கும். இறால் பொரித்த எண்ணெயிலேயே கோழியும் பொரியும். இனிப்புச் சாஸில் புரட்டிய கோழியின் மேல் வேர்க்கடலை தூவுவதும் வழக்கம்.

இவ்வளவையும் மேசையில் உட்கார்ந்த பிறகு, கூட்டத்துக்கு நடுவே கேட்க முடியாது. ஆகவே போன் செய்யுங்கள். இரவுக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நேரம் நல்லது. மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் சில கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எடுப்பவரிடம் சமைப்பவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். "இறால் இருக்கா, இல்லையா" என்று கேட்டால் அவசரத்தில் "இல்லை" என்று வந்துவிடும். "சூப்புக்குச் சாறு எதில் எடுக்கிறீர்கள்?", "கிம்ச்சி நீங்களே போடுவதா, வாங்குவதா?", "பொரிக்கும் எண்ணெய் தனியா, ஒன்றா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும். கிம்ச்சி வாங்குவதாக இருந்தால், டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இறக்குமதி ஆன டப்பா என்றால் கொரிய எழுத்தில் இருக்கலாம், மொழிபெயர்ப்புச் செயலியில் படித்துக்கொள்ளலாம்.

இதில் என் அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. "கவலையே வேண்டாம், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று உடனே சொல்லும் கடையைவிட, "எங்கள் சமையலறை சின்னது, இறால் எங்கேயும் படாது என்று உறுதி தர முடியாது" என்று சொல்லும் கடையை நான் மதிக்கிறேன். இரண்டாவது கடைக்காரருக்குத் தன் அடுப்படி தெரிந்திருக்கிறது. கடுமையான அலர்ஜி இருந்தால் அன்றைக்கு அங்கே போகாதீர்கள். லேசான பிரச்சினை என்றால், எதைச் சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம். பல சிறிய கொரிய உணவகங்களைக் குடும்பமே நடத்துகிறது, உள்ளே சமைக்கும் பெரியவருக்கு உள்ளூர் மொழி சரளமாக வராமல் இருக்கலாம். கொரிய மொழியில் அச்சிட்ட ஒவ்வாமை அட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். அது பரிமாறுகிறவர் வாய்வழியாகப் போகாமல் நேரே அடுப்படிக்குப் போகட்டும்.

மேசையிலேயே இறைச்சி சுடும் கடை என்றால் வேறு சில கேள்விகள். கரியா, எரிவாயுவா? கரியென்றால் ஒவ்வொரு மேசைக்கும் புகை உறிஞ்சும் குழாய் இருந்து, அது ஓடவும் வேண்டும். எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஒரே மேசையில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஒன்றாக வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லோரும் வெளியே காற்றுக்கு வாருங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள்.

அடுத்தது இடுக்கி. நான் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். பச்சைப் பன்றி இறைச்சியைத் தட்டிலிருந்து எடுத்துத் தகட்டில் பரப்புகிறார்கள். அதே இடுக்கியால் புரட்டி, வெந்ததும் அதே இடுக்கியால் பிடித்துக் கத்தரிக்கோலால் நறுக்கி, குழந்தையின் தட்டில் வைக்கிறார்கள். பச்சை இறைச்சியில் இருந்த கிருமி வெந்த துண்டின் மேல் ஏறிவிடுகிறது. இரண்டாவது இடுக்கி கேட்டால் எந்த நல்ல கடையும் முகம் சுளிக்காது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். மெல்லிய துண்டில் வெப்பமானியைக் குத்த முடியாது என்பதால், சிவப்பு முழுதாக மறையும்வரை விடுங்கள். கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் பச்சை மாட்டிறைச்சியான யுக்ஹேயையும், சோயா சாஸில் ஊறிய பச்சை நண்டையும் தொடவே வேண்டாம். கல் கிண்ணமும் மண்சட்டியும் மேசைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும், சின்னக் கைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தம், இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு உப்புதான் தலையாய விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். தென் கொரியாவில் 2010 வாக்கில் சராசரி 4,800 மில்லிகிராம் அளவில் இருந்தது. 2012 முதல் அரசே அதைக் குறைக்கத் திட்டம் போட்டு வேலை செய்தது. சூப்பில் இருக்கும் டோஃபுவையும் காயையும் எடுத்துச் சாப்பிட்டு, சாற்றைக் கிண்ணத்தில் விட்டுவிட்டாலே பெருமளவு குறையும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரே வேளையில் கீரையும் கிம்ச்சியும் அளவுக்கு மீறி எடுக்க வேண்டாம். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோ அது போல் செயல்படும் மருந்தோ எடுப்பவர்கள் புளித்த சோயா விழுதையும் கிம்ச்சியையும் தவிர்ப்பது நல்லது, அந்த மருந்தோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும் டைரமின் என்ற பொருள் அவற்றில் கூடுதலாக இருக்கலாம். பழச்சுவை சேர்த்த சோஜு பழச்சாறு மாதிரி இறங்கும், ஆனால் அது மது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரவில் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம்.

கடைசியாக, அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இரண்டு ஊசியாக எடுத்துப் போங்கள். புறநகருக்கு ஆம்புலன்ஸ் வர நேரமாகலாம். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, தலை சுற்றினாலோ மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கம், துணியின் மேலேயே ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரவைக்கலாம். சரியாகிவிட்டது என்று அவரே சொன்னாலும் எழுந்து நடக்க விடாதீர்கள், கார் வரைக்கும்கூட.