மெலடோனின்: கருப்பில் பிறந்த சொல்

சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக் கடை. ஒரு தாய் கைபேசியை நீட்டி, "பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். இந்தத் தூக்க மாத்திரை இருக்கிறதா, அண்ணா?" என்று கேட்டார். திரையில் இருந்த சொல் மெலடோனின்.

அந்தச் சொல்லுக்குள் தூக்கமே இல்லை. கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கருப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே வேரில் முளைத்ததுதான். மாட்டு மூளையின் பீனியல் சுரப்பிச் சாறு தலைப்பிரட்டைகளின் தோலை வெளுக்கச் செய்வதை 1917இல் கண்டார்கள். வெண்புள்ளிக்கு மருந்து தேடிய அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் அந்தச் சாற்றைத் துருவி, 1958இல் வெளுக்கச் செய்யும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். கருநிறமிச் செல்களை வெளிறச் செய்ததால் 'மெலா'. உடம்பிலுள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளிலிருந்து உருவாவதால் 'டோனின்'. வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பத்திரிகைகள் 'தூக்க ஹார்மோன்' என்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. இரவெல்லாம் இரை தேடி ஓடும் எலிக்கும் இது இரவில்தான் சுரக்கிறது. 'இருட்டிவிட்டது' என்று உடம்புக்குள் தண்டோரா போடுவதே இதன் வேலை. ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், 'இருள் இயக்குநீர்' என்பதே பொருந்தும். 'இருட்சுரப்பு' இன்னும் சுருக்கம்தான். ஆனால் கேட்டவர் பேய்க்கதை என்று நினைத்துவிடுவார். மருந்துச் சீட்டில் மட்டும் மெலடோனின் என்றே இருக்கட்டும்.

குடியாத்தத்தில் என் பாட்டி 'விளக்கை அணை' என்று சொல்ல மாட்டார், 'அமர்த்து' என்பார். அமர்த்திவிட்டுத்தான் தூளியை ஆட்டுவார். பிறந்த குழந்தைக்கு இந்த இரவுச் சுரப்பின் ஒழுங்கு கிடையாது; ஏறத்தாழ மூன்று மாதத்தில்தான் கூடிவரும். பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் சுரப்பை வெளிச்சம் எளிதில் அடக்கிவிடும். பருவ வயதில் தண்டோராவே தாமதமாகத்தான் ஒலிக்கும்.

ஆகவே நேரத்துக்குத் தூக்கம் வராத எல்லாமே 'தூக்கமின்மை' ஆகிவிடாது. பல பிள்ளைகளுக்கு அது 'தூக்கம் தள்ளிப்போதல்'. மெலடோனின் கொஞ்சம் கைகொடுப்பது இங்கேதான். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் அளவு பார்த்து எழுதுகிறார்கள். தொண்டையில் வீங்கிய டான்சில் சதையும் மூக்குக்குப் பின்னால் வீங்கிய அடினாய்டு சதையும் மூச்சை அடைத்துத் தூக்கத்தைக் கெடுத்தால், இந்த மாத்திரை அந்த அடைப்பை நீக்காது.

கடைக்காரர் மாத்திரையை எடுக்கவில்லை. "பையன் குறட்டை விடுவானா அம்மா?"

"ஆமாம், வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான்."

"அப்படியென்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.