கடைசிப் பத்து ஷாட்டுகள்

தண்டையார்பேட்டையில் நான் மாலையில் நடந்து போகும் வழியில், சிமெண்ட் தளம் போட்ட சிறிய கூடைப்பந்துத் திடல் ஒன்று உண்டு. அங்கே ஆடும் பையன்களில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம். பந்து யார் கைக்கு வந்தாலும் "அவன்கிட்ட குடுடா" என்று சுற்றி நிற்பவர்கள் குரல் கொடுப்பார்கள். சென்ற வாரம் நான் பார்த்த ஆட்டத்தில் முதல் பாதி முழுவதும் அவன் போட்ட பந்துகள் வலையை உரசிக்கொண்டு இறங்கின. இரண்டாம் பாதியில் எதிரணியின் இருவர் அவனை விட்டு நகரவே இல்லை. ஒருவன் முன்னால் கையை உயர்த்தி மறைக்க, மற்றவன் பக்கவாட்டில் வழியை அடைத்தான். அப்போதும் பந்து அவனிடமே போயிற்று. அது வளையத்தில் பட்டுத் திரும்பிய போதெல்லாம், இடது மூலையில் ஒரு சிறுவன் இரண்டு கைகளையும் நீட்டியபடி ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அணி தோற்றது. "அவனாவது ஆடினான், மற்றவர்கள் என்ன செய்தார்கள்?" என்று ஒருவர் கேட்க, "மற்றவர்களுக்குப் பந்து வந்ததா?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இவற்றுக்கான விடையைக் கூடைப்பந்தின் புள்ளிவிவர ஆய்வில் தேடலாம்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வில்ட் சேம்பர்லின். 1961-62 பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 39.5 ஷாட்டுகள், அதாவது கூடையை நோக்கிய எறிதல்கள், எடுத்து 50.4 புள்ளிகள் குவித்தார். இன்றுவரை யாரும் நெருங்காத உயரம் அது. ஆயினும் அவருடைய பிலடெல்பியா வாரியர்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸிடம் தோற்று இறுதிச்சுற்றுக்கு வெளியே நின்றது. பின்னர் அவர் பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணியில் ஆடினார். அங்கே 1965-66இல் ஆட்டத்துக்குச் சுமார் 25 ஷாட்டுகள் எடுத்தபோது அணி 55 ஆட்டங்களில் வென்றது. அடுத்த பருவத்தில் அலெக்ஸ் ஹானம் பயிற்சியாளராக வந்தார். சேம்பர்லினின் ஷாட்டுகள் 14 அளவுக்குக் குறைந்தன, சகாக்களுக்குத் தந்த பாஸ்கள் கூடின. அணி 81 ஆட்டங்களில் 68ஐ வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

இதை வைத்து, நட்சத்திரம் குறைவாக எறிந்தால் அணி வெல்லும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மைக்கேல் ஜோர்டன் 1986-87இல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 28 ஷாட்டுகள் எடுத்தார். அவருடைய சிகாகோ புல்ஸ் அணிக்கு 40 வெற்றி, 42 தோல்வி. 1990-91இல் ஷாட்டுகள் 22 ஆகக் குறைந்தன; அணி 61 ஆட்டங்களில் வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. ஆனால் இடையில், 1987இல், ஸ்காட்டி பிப்பனும் ஹோரஸ் கிராண்டும் அணிக்கு வந்து வளர்ந்துவிட்டார்கள். நல்ல சகாக்கள் வந்ததால் ஜோர்டனின் சுமை குறைந்தது. அதே காரணத்தால் வெற்றியும் கூடியது. ஷாட்டுகளின் எண்ணிக்கையும் வெற்றியும் ஒன்றோடொன்று அசைந்தாலும், இரண்டையும் அசைத்த கை மூன்றாவதாக ஒன்று.

ஆகவே எத்தனை ஷாட் என்று எண்ணுவதைவிட, அடுத்த ஷாட்டின் மதிப்பு என்ன என்று கேட்பதே சரியான அளவுகோல். கணக்குக்காக ஒரு வீரரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய முதல் பத்து ஷாட்டுகள் எளிதான வாய்ப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 1.2 புள்ளி தருகிறது. அடுத்த பத்து 1.0 வீதம். காவல் இறுகியபின் எடுக்கும் கடைசிப் பத்து 0.8 வீதம். மொத்தம் 30 ஷாட்டுகளில் 30 புள்ளிகள், அதாவது சராசரி 1.0. சகாக்களின் ஷாட் 0.9 தான் தருகிறது என்றால், பார்ப்பவர்களுக்கு இவரிடமே பந்தைத் தருவது சரியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கடைசிப் பத்தை மட்டும் சகாக்களிடம் கொடுத்திருந்தால் 8 புள்ளிகளுக்குப் பதில் 9 கிடைத்திருக்கும். நட்டத்தைச் சராசரி மூடி மறைத்துவிட்டது. ஒரு புள்ளிதானே என்று தோன்றலாம். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி கூடுவது, இரண்டு மூன்று கூடுதல் வெற்றிகளுக்குச் சமம்.

இந்தக் கணக்கு நம் வடசென்னைச் சாலைகளில் தினமும் நடக்கிறது. திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு வர, பழைய வண்ணாரப்பேட்டையைக் கடக்கும் நெடுஞ்சாலை ஒன்று. கடலோரமாகக் காசிமேடு, ராயபுரம் வழி மற்றொன்று. எது விரைவோ அதில்தான் ஒவ்வொருவரும் வண்டியைத் திருப்புகிறோம். அதில் நுழையும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் வருபவர்களைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் நுழைந்தவருக்குத் தெரிவதில்லை. இப்படியே போனால் இரு வழிகளும் ஒரே நேரம் எடுக்கும் நிலையில் போய் நிற்கும் என்பதை 1952இல் ஜான் வார்ட்ராப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எடுத்துரைத்தார். அந்த நிலை, ஊருக்கு மொத்தமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த நிலையாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் 2010இல் இதே கணிதத்தைக் கூடைப்பந்துக்குப் பொருத்திக் காட்டினார். நட்சத்திர வீரர் என்பவர் குறுக்குவழி. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துச் சிறந்த வாய்ப்பையே நாடும் அணி, அந்த வழியை நெரிசலாக்கிவிடுகிறது. தரத்தில் தாழ்ந்த வாய்ப்புகளையும் இடையிடையே வேண்டுமென்றே பயன்படுத்தினால்தான் சிறந்த வாய்ப்பு சிறந்ததாகவே நீடிக்கும். என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் இதைவிட அழகான கருத்து இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பந்து கிடைத்த 24 நொடிகளுக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். 20 நொடிகள் வீணான பின், வேறு வழியின்றி பந்து நட்சத்திரத்தின் கையில் வந்து சேர்கிறது. அந்தத் தவறிய ஷாட்டுகளை அவருடைய பேராசையாகக் கணக்கெழுதுவது அநியாயம். ஆலன் ஐவர்சன் 2000-01இல் ஆட்டத்துக்கு 25க்கும் மேற்பட்ட ஷாட்டுகள் எடுத்தார். அவற்றில் 42 விழுக்காடுதான் கூடைக்குள் விழுந்தன. ஆனாலும் தாமாக வாய்ப்பை உருவாக்கக்கூடியவர்கள் அதிகம் இல்லாத அவருடைய அணி, இறுதிச்சுற்றுவரை சென்றது. சகாக்களின் அடுத்த ஷாட் 0.7 தான் தரும் என்றால், நட்சத்திரத்தின் 0.8 லாபமே. தவிரவும், எறிவார் என்ற அச்சம் இருக்கும்வரைதான் இருவர் அவரைக் காப்பார்கள். அவர் அறவே எறியாவிட்டால் இரண்டாவது காவலன் நகர்ந்துபோய்விடுவான். மூலையில் நிற்கும் சிறுவனுக்குக் கிடைத்த வெற்றிடமும் அவனோடு போய்விடும்.

நேற்று அதே திடலில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அந்த உயரமான பையனை இருவர் சூழ்ந்தார்கள். அவன் எறிவதுபோல் எம்பி, காற்றில் இருந்தபடியே பந்தை இடது மூலைக்குத் தள்ளினான். சிறுவனின் முதல் ஷாட் வளையத்தைக்கூடத் தொடவில்லை. அடுத்த முறையும் பந்து அங்கேயே போயிற்று.