பயணப்படி பில் எங்கே சிக்குகிறது?

மத்தியப் பல்கலைக்கழக நிதிப் பிரிவில் கூட்டல் தப்பு என்று திரும்பும் பயணப்படி பில்கள் குறைவுதான். சிக்கல் பெரும்பாலும் டிக்கெட் எடுத்த அன்றே தொடங்கிவிடுகிறது.

2022 ஜூனில் நிதி அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, விமான டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். 21 நாள் முன்பே எடுக்கச் சொல்கிறது உத்தரவு. 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். 200 ரூபாய் குறைகிறதே என்று வேறு செயலியில் எடுத்த பேராசிரியருக்கு மொத்த டிக்கெட் தொகையும் நின்றுபோகிறது. நேர்மையாகப் போய்வந்தவர் கைக்காசை இழப்பது கொடுமை. பயண அனுமதி ஆணையின் அடியிலேயே இந்த விதிகளை அச்சிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்தபின் விதியைக் காட்டிப் பயனில்லை.

பில் கொடுக்க முன்பு ஓராண்டு அவகாசம் இருந்தது. 2018 முதல் பயணம் முடிந்து 60 நாள்தான். முன்பணம் வாங்கியவர் 15 நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். நிலுவை முன்பணப் பட்டியலை மார்ச்சில் தேடாமல் வாரந்தோறும் எடுத்துப் பாருங்கள்.

ஆடிட்டில் அதிகம் வலிப்பது இரட்டைப் பணம். மாநாட்டுப் பதிவுக் கட்டணத்திலேயே தங்குமிடமும் சாப்பாடும் அடங்கியிருக்கும். பில்லில் முழுத் தினப்படியும் (வெளியூரில் தங்கும் நாள்களுக்கான படி) கேட்டிருப்பார்கள். பலர் தெரியாமல் செய்வதுதான் இது. ஆகவே மாநாட்டு அறிவிக்கையின் கட்டணப் பக்கத்தைப் பில்லோடு கேளுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர் போனவர் அழைத்த பல்கலைக்கழகத்திலும் பயணச் செலவு வாங்கியிருக்கலாம். ‘இப்பயணத்துக்கு வேறெங்கும் பணம் பெறவில்லை’ என்ற ஒரு வரியும் கையெழுத்தும் போதும், கேட்கத் தயங்க வேண்டாம்.

சப்ளையர் பில்லிலும் இதே கதை. 0145 என்று ஒருவர் பதிந்த பில்லை, இன்னொருவர் 145/23-24 என்று பதிவார். மென்பொருளுக்கு அவை இரண்டு பில்கள். பணம் விடுவிக்கும் முன் பட்டியலைத் தொகை வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே சப்ளையர், ஒரே தொகை அடுத்தடுத்து வந்தால், பர்சேஸ் ஆர்டரையும் சரக்குப் பதிவேட்டுப் பக்கத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பார்க்கும்போது பில் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால், 40,000 ரூபாய் பில்லுக்கும் 2 சதவீதம் பிடிக்க வேண்டும்.

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால் அதில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். ரத்து செய்த காசோலை கைக்கு வந்து, பதிந்தவரல்லாத இன்னொருவர் சரிபார்க்கும்வரை பணம் போகக் கூடாது, அது மார்ச் 31 மாலையானாலும் சரி.