ஸ்டப் – பதிலி

ஜாவாவில் எழுதிய ஒரு வெப் சர்வீஸ் ஒரு வார் கோப்பில் (வலைப் பயன்பாட்டின் பொதி) இருக்கிறது. வரி கணக்கிடும் ஈஜேபி பீன், அதாவது சர்வரில் ஓடும் ஒரு ஜாவா கூறு, வேறொரு இயர் கோப்பில் (முழுப் பயன்பாட்டின் பொதி), தனியாக டெப்ளாய் ஆகியிருக்கிறது. சர்வீஸின் நிரலில் பீனை அழைக்க ஒரே ஒரு வரிதான். அந்த அழைப்பு முதலில் போய்ச் சேர்வது பீனின் இடத்தில் நிற்கும் ஒரு சிறு பொருளிடம். பீனில் உள்ள அதே மெத்தட் பெயர்கள், அதே அளவுருக்கள் அதிலும் உண்டு. கணக்கு மட்டும் இல்லை. கொடுத்ததை பைட்டுகளாக்கி அனுப்பும், வந்த விடையைப் பிரித்துத் தரும், அங்கே எக்ஸெப்ஷன் (பிழை) எழுந்தால் இங்கே எறியும். அதன் பெயர்தான் ஸ்டப்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வெட்டிய மரத்தின் அடிக்கட்டை என்று பொருள். பிறகு சிகரெட்டின் கடைசித் துண்டுக்கும், காசோலையைக் கிழித்தபின் புத்தகத்தில் தங்கும் பகுதிக்கும் அதே பெயர் வந்தது. ரசீதுப் புத்தகத்தில் மிஞ்சுவதை நாமும் அடிக்கட்டை என்றுதான் சொல்கிறோம். இன்னும் எழுதி முடிக்காத ரூட்டீனுக்கு (நிரல் பகுதிக்கு) ஒப்புக்கு வைக்கும் நிரலையும் நிரலாளர்கள் ஸ்டப் என்பார்கள். வேறொரு கணினியில் உள்ள நிரலை அழைக்கும் தொலை அழைப்புக்கு இந்தப் பெயரை நிலைநிறுத்தியது, ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பிரெல், நெல்சன் இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை. அழைப்பவர் பக்கம் ஒன்று, சர்வர் பக்கம் ஒன்று என இரண்டு ஸ்டப்களை அதில் விவரித்தார்கள்.

ஜாவாவுக்கு இது 1997இல், அதன் தொலை அழைப்பு வசதியான ஆர்எம்ஐயுடன் வந்தது. அப்போது ஆர்எம்ஐசி என்ற கருவியை ஓட்டித்தான் ஸ்டப் கிளாஸ்களை உருவாக்க வேண்டும். கோப்பாகவே கண்ணில் படும். 2004இல் வந்த ஜாவா 5 முதல் ஓடும்போதே அவை உருவாகிவிடுகின்றன. அதனால் இன்று பலர் ஸ்டப்பை முதலில் சந்திப்பது வகை பொருந்தாதபோது எழும் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷனில்தான்: லுக்கப் (பெயரால் பீனைத் தேடுவது) திருப்பித் தந்தது டாலர்ப்ராக்ஸி என்று தொடங்கும் ஏதோ ஒன்று, பீனின் மெத்தட்களைப் பட்டியலிடும் இன்டர்ஃபேஸாக மாற மறுக்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்: ஒரே இன்டர்ஃபேஸ் இரண்டு பயன்பாடுகளிலும் தனித்தனி ஜாராக (கிளாஸ்களின் பொதியாக) கிடக்கிறது, கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் இரண்டு கிளாஸ்லோடர்கள் அதை இரண்டு முறை ஏற்றியிருக்கின்றன. பெயர் ஒன்றானாலும் ஜாவாவுக்கு அவை வேறு வேறு கிளாஸ்கள்.

இரண்டு பயன்பாடுகளும் ஒரே சர்வரில் இருந்தாலும் தொலை அழைப்புக்கான ரிமோட் இன்டர்ஃபேஸ்தான் பாதுகாப்பான வழி. லோக்கல் இன்டர்ஃபேஸ் ஒரே பயன்பாட்டுக்குள் வேலை செய்யும் என்பதற்கு மட்டுமே ஈஜேபி விதிமுறை உறுதி தருகிறது. பீனைத் தேட எல்லா சர்வர்களுக்கும் பொதுவான குளோபல் பெயர் முறை 2009இல், நிறுவனப் பயன்பாடுகளுக்கான ஜாவா இஇ 6உடன் வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? அடிக்கட்டை நேர்ப்பொருள்தான். ஆனால் கிழித்தபின் மிஞ்சும் அடிக்கட்டை எந்த வேலையும் செய்யாது. ஸ்டப் ஒவ்வொரு அழைப்பிலும் வேலை செய்கிறது. ஒருவர் சார்பில் நிற்பதைச் சொல்லும் ‘பதிலி’ பொருத்தமானது. இன்னொன்றின் இடத்தில் நின்று அழைப்பைக் கடத்தும் ப்ராக்ஸிக்கும் இதே சொல் புழங்குவது தடையாகாது, இன்றைய ஜாவா ஸ்டப் உண்மையிலேயே ஒரு ப்ராக்ஸிதான். ‘பதில்’ அரபுச் சொல்லான ‘பதல்’ வழியாக வந்தது என்று சிலர் தயங்கலாம். ‘-இ’ விகுதி சேர்த்து நாம் ஆக்கிக்கொண்ட சொல் அது, எனக்குத் தயக்கமில்லை.

இந்தச் சொல்லை நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ரிமோட் அழைப்பில் பொருள்கள் நகலாகவே போகும். சர்வீஸ் ஒரு பட்டியலை அனுப்பி, பீன் அதில் ஒரு பதிவைச் சேர்த்தால், சர்வீஸ் கையில் உள்ள பட்டியல் மாறாது. மாறியதை பீன் விடையாகத் திருப்பித் தர வேண்டும். கையில் இருப்பது பதிலி என்று தெரிந்தவர் இதை எதிர்பார்த்தே எழுதுவார்.

சர்வர் பக்கத்து ஸ்டப்பை வழங்கிப் பதிலி எனலாம். ‘லுக்கப் செய்தால் பதிலி கிடைக்கும்’, ‘பதிலி வழியாக பீனை அழை’ என்று இயல்பாகவே எழுதலாம்.