மூடிய வழியில் என்ன வருகிறது? கொலோஸ்டமிக்குப் பிறகு உடல் காட்டும் எதிர்பாராத மாற்றங்கள்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பன்னிரண்டாம் நாள், அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் விடிவதற்கு முன்பே மனைவியுடன் எங்கள் வார்டு வாசலில் வந்து நின்றார். பெருங்குடலில் ஓட்டை விழுந்து, நள்ளிரவில் அவசரமாக அறுவை செய்யப்பட்டு, வயிற்றின் இடப்பக்கத்தில் கொலோஸ்டமி, அதாவது மலம் வயிற்றின் மேல் ஒட்டிய பைக்குள் வெளியேறும்படி பெருங்குடலுக்கு ஒரு புதிய வாய், வைத்து அனுப்பப்பட்டவர் அவர். காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது, பையும் ஒழுங்காக ஒட்டியிருந்தது. ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "சிஸ்டர், உள்ள போட்ட தையல் பிரிஞ்சிருச்சு. பின்பக்கமா வருது."

வந்தது மலம் அன்று, சளி. அவருக்குச் செய்யப்பட்டது ஹார்ட்மன் அறுவைச் சிகிச்சை. 1921இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி ஹார்ட்மன் விவரித்த முறை. நோயுற்ற குடல் பகுதியை அகற்றி, மேல்முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, மலம் வெளியேறும் வாயாக, அதாவது ஸ்டோமாவாகத் தைத்துவிட்டு, கீழே எஞ்சிய மலக்குடலின் முனையை மூடி உள்ளேயே விட்டுவிடுவார்கள். அந்த மலக்குடலில் மலம் வருவதில்லையே தவிர, அது உயிரோடுதான் இருக்கிறது. மலம் வழுக்கிச் செல்வதற்காக அதன் உட்சவ்வு வாழ்நாள் முழுவதும் சுரந்துவந்த சளியை இப்போதும் சுரக்கிறது. அதைச் சேர்த்து இழுத்துச் செல்ல மலம் இல்லாததால், சளி தேங்கி, ஒரு கட்டத்தில் வெளிக்குப் போக வேண்டும் என்ற பழைய உணர்வையே எழுப்புகிறது. முட்டையின் வெள்ளைக்கரு போலவோ, சாம்பல் கலந்த பசை போலவோ இருக்கும். சிலருக்கு அன்றாடம் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்து திடீரென வரும். காய்ந்து உருண்டையாகிவிட்டால் முட்டும், வலிக்கும். குடலை வெட்டிப் பிரிக்காமல் வளைவாக வெளியே எடுத்து வைக்கும் லூப் கொலோஸ்டமியில், கொஞ்சம் மலமே கீழ்ப்பக்கம் நழுவி ஆசனவாய் வழியாக வருவதும் உண்டு.

இதற்கு மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உணர்வு வரும்போது கழிப்பறையில் சில நிமிடங்கள் அமர்ந்து, முக்காமல், மெல்ல வெளியேற்றினால் போதும். கட்டியாகிவிட்டால் மருத்துவரைக் கேட்டுக் கிளிசரின் மாத்திரையை ஆசனவாயில் வைத்துக்கொள்ளலாம். சளியோடு இரத்தம் கலந்து வந்தால் காட்டியாக வேண்டும். மலத்திலுள்ள நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களே பெருங்குடல் சவ்வுக்கு முக்கிய உணவு. மலம் வராத பகுதி அந்த உணவின்றி அழற்சி அடைவது வழக்கமானதுதான். ஆனாலும் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி ஆகியவை சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

இதே அறிகுறி இன்னொருவருக்கு வேறு பொருள் தரும். மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்தவர்கள் சிலருக்கு மலக்குடலையும் ஆசனவாயையும் முழுமையாக அகற்றி, பின்பக்கத்தைத் தைத்து மூடிவிடுகிறோம். லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908இல் விவரித்த அறுவை முறையின் வழிவந்தது இது. இவர்களுக்குச் சளி சுரக்க எதுவும் மிச்சமில்லை. ஆகவே புண் ஆறிய பிறகு அந்த இடத்தில் கசிவு தென்பட்டால், "பக்கத்து படுக்கைக்காரருக்கும் வந்தது, சரியாகிவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது. அதனால்தான் நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது, எது எடுக்கப்பட்டது, எது உள்ளே விடப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா என்பதே. பலருக்குத் தெரியாது, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது, ஆனால் அவர்களுக்குப் புரியும் சொற்களில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இது நோயாளியின் குறை அன்று, எங்கள் குறை.

மலக்குடல் முழுவதும் அகற்றப்பட்டவர்களில் பலருக்கு, இல்லாத உறுப்பிலிருந்து வெளிக்கு வருகிற உணர்வு எழும். காலை இழந்தவருக்குப் பாதம் அரிப்பது போன்றதுதான் இதுவும். இதைச் சொன்னால் மனநிலை சரியில்லை என்பார்கள் என்று அஞ்சி, மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கம்போல் கழிப்பறையில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தாலே சிலருக்கு அந்த உணர்வு அடங்கிவிடுகிறது; ஸ்டோமா வழியாகக் காற்று பிரியும்போதும் குறைகிறது. மெல்ல மெல்லத் தணிய வேண்டிய இந்த உணர்வு, வலியாக மாறி நாளுக்கு நாள் கூடினால் மட்டும் பரிசோதனை அவசியம்.

ஸ்டோமாவும் முதல் நாள் பார்த்த வடிவில் இருப்பதில்லை. கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும் அதைத் தொட்டால் வலிக்காது. வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. துடைக்கும்போது பல் ஈறு போல ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் கசியலாம். அறுவை முடிந்த புதிதில் வீங்கியிருக்கும் ஸ்டோமா அடுத்த 6 முதல் 8 வாரங்களில் சுருங்குகிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு தாயாருக்காக அவர் மகன், மருத்துவமனையில் கொடுத்த அளவை வைத்து, பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் பிளேட்டுகள் பத்திலும் ஒரே நாளில் அன்போடு ஓட்டை வெட்டி அடுக்கி வைத்துவிட்டார். ஸ்டோமா சுருங்கச் சுருங்க, ஓட்டைக்கும் அதற்கும் நடுவே தோல் வெளியே தெரிய, மலம் பட்டுப் பட்டு அந்த அம்மாவின் வயிறு வெந்ததுபோல் ஆகிவிட்டது. முதல் இரண்டு மாதங்களுக்கு வாரம் ஒருமுறை அளவு அட்டையால் அளந்து, ஸ்டோமாவை விட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர் எதையும் தடவக் கூடாது. பிளேட் ஒட்டாமல் போய்ப் புண் இன்னும் பெருகும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். பிளேட்டுக்கு அடியில் அரித்தால் கசிகிறது என்று பொருள். மாற்றும் நாள் வரவில்லையே, பை விலை அதிகமாயிற்றே என்று பொறுத்திருப்பதில் கடைசியில் செலவுதான் கூடுகிறது. சித்திரை வெயிலில் வியர்வையால் பசை இளகி, நான்கு நாள் இருக்க வேண்டியது இரண்டே நாளில் கழன்றுவிடுவதும் நடக்கிறது. தோலில் ஒட்டும் இந்தப் பையே 1954இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸே சோரன்சன் என்ற செவிலியர், கசிவுக்கு அஞ்சி வெளியே போகாமலிருந்த தன் தங்கைக்காக யோசித்தது என்பதைச் செவிலிய மாணவிகளிடம் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு.

ஸ்டோமாவுக்கு அடக்கும் தசை கிடையாது. காற்று எப்போது பிரியும், எவ்வளவு சத்தத்தோடு பிரியும் என்பது நம் கையில் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் சத்தம் வந்துவிட்டது என்று அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகாதவர்கள் உண்டு. உள்ளங்கையையோ முன்கையையோ பையின் மேல் மெல்ல அழுத்தினால் சத்தம் அமுங்கும். முட்டைகோஸ், வெங்காயம், பருப்பு, கேஸ் நிரப்பிய குளிர்பானம் ஆகியவை காற்றைக் கூட்டும்; மோரும் தயிரும் பலருக்கு நாற்றத்தைக் குறைக்கின்றன. காற்றுக்குப் பயந்து பட்டினி கிடப்பது தலைகீழான வைத்தியம். வெறும் குடலில்தான் காற்று அதிகம் உருளும்.

சில மாதங்களோ வருடங்களோ கழித்து ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைக்கலாம். நிற்கும்போதும் இருமும்போதும் தெரிந்து, படுத்தால் அமுங்கும் இந்தப் புடைப்பு, ஸ்டோமாவுக்காக வயிற்றுத் தசையில் இட்ட துளை விரிவதால் வரும் குடலிறக்கம். அறுவை முடிந்து குறைந்தது மூன்று மாதம் தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, எரிவாயு சிலிண்டர் தூக்குவதைத் தவிர்ப்பதும், இருமும்போது அந்த இடத்தில் கையால் தாங்கிக்கொள்வதும், தேவைப்பட்டால் அதற்கான பெல்ட் அணிவதும் உதவும். ஸ்டோமா வெளியே நீண்டு தொங்கினால் படுத்துக்கொண்டு நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அன்றே வந்து காட்டலாம். கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினாலும், காற்றும் மலமும் நின்று வாந்தியும் வயிற்று வலியும் வந்தாலும், இரத்தம் நிற்காமல் வந்தாலும் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேட்டி முடிச்சும் பாவாடை நாடாவும் சரியாக ஸ்டோமாவின் மேல் விழுந்தால், மலம் பைக்குள் இறங்காமல் மேலேயே தேங்கிப் பிளேட்டைப் பெயர்த்துவிடும். நாடாவைச் சற்று மேலேற்றியோ கீழிறக்கியோ கட்ட வேண்டும். திட்டமிட்ட அறுவையாக இருந்தால், முந்தைய நாளே நோயாளியை உட்காரவும் நிற்கவும் குனியவும் வைத்து, அவர் வழக்கமாக உடை கட்டும் இடத்தைத் தவிர்த்து ஸ்டோமாவுக்கு இடம் குறிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு.

கடைசியாக, கதவருகே போய் நின்று திரும்பிக் கேட்கப்படும் கேள்வி. சிறுநீர்ப்பைக்கும் பாலுறுப்புகளுக்கும் செல்லும் நரம்புகள் மலக்குடலை ஒட்டியே போகின்றன. மலக்குடலை அகற்றும்போதும் கதிர்வீச்சு கொடுக்கும்போதும் அவை பாதிக்கப்பட்டால் சிறுநீர் முழுமையாகப் போகாமல் நிற்கலாம். ஆண்களுக்கு விறைப்பு குறையலாம், விந்து வெளிவராமல் போகலாம். பெண்களுக்கு வறட்சியும் உறவின்போது வலியும் வரலாம். நரம்பு மீள்வதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடங்கள் கூட. மாத்திரைகளும் மசகுப் பசைகளும் இருக்கின்றன. ஆண்கள் மனைவி முன்னால் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் கேட்பதே இல்லை. எனவே இப்போதெல்லாம் அவர்கள் கதவுவரை போகும் முன் நானே கேட்டுவிடுகிறேன்.

அந்த விவசாயியிடம், சளி சுரக்கும் மலக்குடல் நல்ல நிலையில் இருந்தால், சில மாதங்கள் கழித்துக் குடலை மீண்டும் இணைப்பதைப் பற்றி மருத்துவர் யோசிக்க இடமிருக்கிறது என்றேன். இரண்டாம் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை சளி வருகிறது என்று கேட்டேன். பதில் சொன்னது, இந்த முறை வெளியே அனுப்பப்படாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி.