சிலிண்டர் பெரிசுதான், ஆனால் காற்று ஏறாது

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் என் ஏர்கன் கடைக்கு வந்திருந்தார்கள். பையன் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவன், சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கி அது. "அண்ணே, கன்ல எங்கேயோ லீக். 200 பார் ஏறின முள்ளு இப்ப 160 தாண்ட மாட்டேங்குது" என்றார் அப்பா. பார் என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி கிளம்பவில்லை. சரி, கன்னுக்குக் காற்று ஏற்றுகிற டாங்க்கைக் காட்டுங்கள் என்றேன். கார் டிக்கியிலிருந்து கடலில் மூழ்குகிறவர்கள் முதுகில் மாட்டும் 12 லிட்டர் ஸ்கூபா டாங்க் ஒன்று இறங்கியது, பழசாக வாங்கியதாம். கேஜ் மாட்டினேன்: 162.

"முக்கால்வாசி காத்து இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறதுதான். 12 லிட்டரை 162ஆல் பெருக்கினால் 1900 லிட்டருக்கு மேல். ஆனால் 200 பார் வேண்டிய துப்பாக்கிக்கு அது ஏறாது.

மேட்டூர் நிலவரம் பார்க்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. அணை நிறைந்தால் 120 அடி, 93.47 டிஎம்சி. அடி வேறு, டிஎம்சி வேறு. டாங்க்கில் பார் என்பது அடி மாதிரி, லிட்டர் என்பது இருப்பு. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மடை மட்டத்துக்குக் கீழே ஓடினால் வயலுக்கு ஏறாது, இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

துப்பாக்கி சிலிண்டர் 200 மில்லி, 100 பாருக்கு இறங்கியதைத் திரும்ப 200க்கு ஏற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 20 லிட்டர் காற்று. அவருடைய டாங்க் 200 பாருக்கு நிரம்பியிருந்தபோதும் முதல் தடவையே 198 பக்கம்தான் கொடுத்திருக்கும், முப்பதாவது தடவையில் 160க்கு வந்துவிடும். அதே இடத்தில் 6.8 லிட்டர், 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர், பார்க்கப் பாதிதான் இருக்கும், ஆனால் 200க்கு மேலே 100 பார் கையில் வைத்திருக்கிறது. 680 லிட்டர், கணக்குக்கு 34 முழு நிரப்பல். அவ்வளவு அழுத்தத்தில் காற்று கணக்குப்படி அடங்காது என்பதால் நிஜத்தில் முப்பதுக்குள்தான் வரும். விற்கிறவர் லிட்டரை மட்டும் சொன்னால், எத்தனை பார் என்று கேளுங்கள். பிஎஸ்ஐயில் சொன்னால் 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 4500 பிஎஸ்ஐ என்றால் 310 பார்.

நிரப்பும்போது வால்வை முடி அளவுக்குத் திறந்தால் போதும். சடாரென்று திறந்தால் உள்ளே காற்று சூடாகி முள் 200 காட்டும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். அதையும் லீக் என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். முடிந்ததும் குழாயில் நிற்கும் காற்றை விட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் ஃபில்டர் இல்லாத கைப்பம்பால் அடித்தால் காற்றோடு தண்ணீரும் போகும். ஒரு முறை சிலிண்டரைக் கவிழ்த்தபோது துருப்பிடித்த தண்ணீர் என் மேசையில் சொட்டியது.

இன்னொன்று. வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் சும்மாதானே நிற்கிறது, அதில் பிடித்துக்கொள்ளலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். கூடவே கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜனோடு துளி எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும், துப்பாக்கி முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். நமக்குச் சுத்தமான உலர்ந்த காற்று மட்டும்தான். (கொக்கு, மடையான் அடிக்க நிரப்பிக் கேட்டு வருகிறவர்களுக்கு என் கடையில் காற்றே கிடையாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

கடைசியில் அந்த அப்பா, "அப்ப இதையே 200க்கு நிரப்பிக் கொடுத்துடுங்க, அடிக்கடி வந்துக்கிறோம்" என்றார். டாங்க்கின் தோளில் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன். டாங்க் அழுத்தம் தாங்குமா என்று பார்க்கும் நீர் அழுத்தச் சோதனையைக் கடைசியாகச் செய்த முத்திரை 2011. பையனிடம் தொட்டுக் காட்டினேன், அவன் அப்பாவைப் பார்த்தான். காற்று ஏற்றாமலே டிக்கியில் திரும்ப வைத்தோம்.